கொம்பனியா, கராச்சா, கையில் மனுவலா: வன்னியில் ஓர் ஆர் 15ஐ எங்கே சேர்விஸுக்கு விடுவது?

என் சித்தியின் மகன் போன மாதம் கைமாறி வந்த யமஹா ஆர் 15 ஒன்றை வாங்கிவிட்டான். நீல நிறம், வி 2, அதாவது இரண்டாவது பதிப்பு. வாங்கிய அன்றே விசுவமடுவுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் வாசல் வேம்புக்குக் கீழே நிறுத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டான்: "அண்ணை, இதை எங்க சேர்விஸுக்கு விடுறது?"

நானும் அதே மொடலைத்தான் ஏழெட்டு வருடமாக ஓடுகிறேன். முல்லைத்தீவில் வேலை, போக வர அறுபது கிலோமீற்றருக்கு மேல். இருந்தும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. கொம்பனி சேர்விஸிலும் விட்டிருக்கிறேன், எங்கள் சந்திக் கராச்சிலும் விட்டிருக்கிறேன், பிறகு தொழிற்சாலை வெளியிட்ட சேர்விஸ் மனுவலை மடியில் வைத்துக்கொண்டு நானே பிரித்துப் பூட்டியும் இருக்கிறேன். மூன்றிலும் நல்லது கண்டேன், மூன்றிலும் காசும் போனது. அவனுக்குத் திண்ணையில் இருந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் நிறையத் தம்பிமார் திரிகிறார்கள்.

இந்த வண்டியைப் பழைய ஹோண்டா எம்டி 90 போல நினைக்கக் கூடாது. எம்டி 90 வன்னியில் எல்லாவற்றையும் தாங்கியது. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இரண்டு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஒயில் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவிருக்காது, ஆனாலும் ஓடியது. ஆர் 15 வேறு சாதி. 150 சிசிக்குள் தண்ணீரால் குளிரும் எஞ்சின், நான்கு வால்வு, ஆறு கியர், காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோல் இன்ஜெக்ஷன், அதை நடத்த இசியூ என்கிற ஒரு சின்னக் கணினி. கவனித்தால் நீண்ட காலம் ஓடும், கவனிக்காவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். வி 2 இந்தியாவில் 2011இல் வந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள் என்பதால், இப்போது எங்கள் பக்கம் ஓடுகிற ஆர் 15களில் பெரும்பாலானவை வயது போனவை, வாரண்டி முடிந்தவை, இரண்டு மூன்று கை மாறியவை. புதியது வாங்கும் விலையைப் பார்த்தால் இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

கொம்பனி சேர்விஸில் இருந்து தொடங்குகிறேன், அவனும் முதலில் அதைத்தான் நினைத்திருந்தான். அங்கே நல்லது என்ன என்றால் சாமான் அசல், போட்ட சாமானுக்குப் பில் இருக்கும், இன்ஜெக்ஷனைப் பார்க்கிற கருவி இருக்கும், வண்டியை விற்கும்போது சேர்விஸ் புத்தகத்தில் சீல் இருந்தால் வாங்குபவன் வாய் திறக்க மாட்டான். வாரண்டி உள்ள வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே விடுங்கள். வாரண்டி முடிந்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. எங்களுக்கு அது பக்கத்தில் இல்லை. விடியக் கொண்டுபோய் விட்டால் பின்னேரம்தான் கைக்கு வரும், அன்றைய சம்பளம் போகும். வேலை நடக்கிற இடத்துக்குள் எங்களை விட மாட்டார்கள், எந்தப் பையன் எந்த நட்டை எவ்வளவு இறுக்கினான் என்று தெரியாது. பெரும்பாலும் அது ஒரு பட்டியல்: ஒயில், பிளக், செயின், கழுவல், அடுத்த வண்டி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் டாஷில் எஞ்சின் லைட் எரிந்தது. வண்டி ஓடியது, ஆனால் விடியக்காலையில் ஸ்ராட் எடுக்கச் சண்டித்தனம் பண்ணியது, பெற்றோலும் கூடக் குடித்தது. தூரத்து ரவுணில் ஒரு சேர்விஸ் இடத்தில் கொண்டுபோய் விட்டேன். மத்தியானம் கூப்பிட்டு, "இசியூ போட்டுது, மாத்த வேணும், ஓடர் பண்ணவா?" என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு மனுவலின் இன்ஜெக்ஷன் அதிகாரத்தைத் திறந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைப் போட்டால் அந்த லைட்டே கண்சிமிட்டி எண் சொல்லும் என்று இருந்தது. நீளமாக எரிவது பத்தின் இடம், கட்டையாக எரிவது ஒன்றின் இடம். பார்த்தேன்: இரண்டு நீளம், ஒரு கட்டை. 21. அட்டவணையில் 21க்கு நேரே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சர் என்று இருந்தது. அது வேலை செய்யாவிட்டால் இசியூ தானாக ஒரு வெப்பநிலையை நினைத்துக்கொண்டு பெற்றோலை அளக்கும், அதனால்தான் குளிரில் சண்டித்தனம்.

சென்சரைச் சோதிக்கும் முறையும் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. கழற்றித் தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, மல்ரிமீற்றரில் ஓம் பார்க்க வேண்டும், சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். என் சென்சர் ஒழுங்காக இறங்கியது. சரி, சென்சர் நல்லம் என்றால் வயர்தான். வயரிங் படத்தில் நிறத்தைப் பார்த்துக்கொண்டே சீற்றுக்குக் கீழே தொடர்ந்து போனால், ராங்குக்குக் கீழே எலி கடித்து ஒரு வயர் பாதி அறுந்து கிடந்தது. நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில்தான் அப்போது வண்டியை நிறுத்திவந்தேன். ஈயம் வைத்து ஒட்டி, மேலே சுருங்கும் குழாய் போட்டேன். லைட் அணைந்தது. இசியூ இன்றைக்கும் அதே இசியூதான்.

எல்லாக் கொம்பனி சேர்விஸும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. நல்ல தொழில் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. ஆனால் அவர்களிடம் இருக்கிற அதே புத்தகம் என்னிடமும் இருந்தால், "மாத்த வேணும்" என்ற சொல்லுக்கு நான் உடனே தலையாட்டத் தேவையில்லை என்பது அன்று விளங்கியது.

இனிக் கராச். எங்கள் சந்தியில் இருக்கிற மெக்கானிக் அண்ணையைப் பற்றி எழுதும்போது எனக்கு மரியாதையோடுதான் எழுத வரும். தடை இருந்த காலத்தில் சாமான் இல்லாமல் வேலை பழகியவர். ஒரு வாசரைக்கூட ரின்னில் வெட்டி எடுத்தவர். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் கையோடு போய், மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி, மரத்துக்குக் கீழே ஒரு ஸ்பானர் செற்றோடு திரும்பத் தொடங்கியவர். லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மிசின், தண்ணீர் மிசின், ஓட்டோ, பைக், எல்லாம் அவர் கையில் உயிர் பெறும். எஞ்சின் தலையில் ஸ்குரூ ட்ரைவரை வைத்துக் காதை ஒட்டி, எந்தப் பெயாரிங் என்று சொல்லிவிடுவார். கூப்பிட்டால் வீதிக்கே வருவார். காசு குறைவு, முழுதாக இல்லாவிட்டால் அறுவடைக்குப் பிறகும் கொடுக்கலாம். நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அது பெரிய விஷயம்.

குறை எங்கே வருகிறது என்றால், அந்தக் கை பழகியது சிலிண்டருக்குள் இரும்பு லைனரும் (உள் குழாய்) காபரேட்டரும் உள்ள வண்டிகளில். ஆர் 15இன் சிலிண்டர் அப்படி இல்லை. யமஹா அதை டயாசில் என்று சொல்கிறது. முழுக்க அலுமினியம், அதில் ஏறத்தாழ 20 வீதம் சிலிக்கன் கலந்து அச்சில் வார்த்தது, உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சிலிக்கன் மணிகளே தேய்வைத் தாங்கும் மேற்பரப்பு. சூடு வேகமாக வெளியேறும், பாரம் குறைவு. ஆனால் வழமைபோல லேத்தில் கொடுத்துப் போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து பெருப்பித்து, ஓவர்சைஸ் பிஸ்ரன் போடுகிற வழி இதற்கு இல்லை. மனுவலில் ஓவர்சைஸ் என்ற பேச்சே வராது. தேய்வு எல்லையைத் தாண்டினால் சிலிண்டர், பிஸ்ரன், ரிங் மூன்றையும் ஒன்றாக மாற்று என்றுதான் எழுதியிருக்கிறது.

இது தெரியாமல் இருந்திருந்தால் என் எஞ்சின் போயிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் சைலன்சரில் நீலப் புகை வரத் தொடங்கியது. அண்ணை பார்த்த பார்வையிலேயே, "தம்பி, ரிங் போட்டுது. கழட்டிப் போர் அடிச்சு விடுவம், ரெண்டு நாள் வேலை" என்றார். சாதாரண வண்டி என்றால் அது சரியான பேச்சு. நான் ஒரு நாள் தவணை கேட்டு, மனுவலில் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிக் கேஜைப் பூட்டி, அக்ஸிலேற்றரை முழுதாகத் திறந்து வைத்து ஸ்ராட்டரைச் சுற்ற வேண்டும். பிறகு பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு, ஹெட் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கேஜ் தேடித்தான் அலைந்தோம், ஏனென்றால் இதன் பிளக் பத்து மில்லிமீற்றர் புரி, அண்ணையிடம் இருந்த கேஜின் வாய் பெரியது. கிளிநொச்சியில் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்து பார்த்தோம். அழுத்தம் நன்றாகவே இருந்தது, ஒயில் விட்டும் மாறவில்லை. பிறகுதான் கவனித்தோம், புகை ஓடும்போது வரவில்லை, இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்ராட் பண்ணும்போதுதான் ஒரு பந்தாகக் கக்கியது. வால்வுத் தண்டில் உள்ள சீல். ஹெட்டைக் கழற்றி வால்வு ஸ்பிரிங்கை அழுத்திச் சீல் மாற்றியது முழுக்க அண்ணையின் கைதான், நான் பக்கத்தில் இருந்து படத்தில் உள்ள வரிசையை வாசித்தேன். போல்ட்டுகளை எந்த ஒழுங்கில், எத்தனை கட்டமாக இறுக்குவது என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். ஒரு சீலில் முடிந்தது. நல்ல சிலிண்டர் ஒன்று லேத்துக்குப் போகாமல் தப்பியது.

அந்த நாளுக்குப் பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. மனுவலா மெக்கானிக்கா என்று கேட்பது பிழையான கேள்வி. புத்தகத்திடம் கை இல்லை, அண்ணையிடம் அந்த வண்டியின் எண்கள் இல்லை. அண்ணையும் இப்போது மாறிவிட்டார், ஆர் 15 யாராவது கொண்டுவந்தால், "அந்தப் புத்தகத்தை ஒருக்காக் கொண்டு வா" என்று எனக்குக் கோல் எடுப்பார்.

மனுவல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வண்டியோடு தருகிற சின்னப் புத்தகம் இல்லை. அது ஓட்டுநர் கைநூல், ஒயில் பார்க்கவும் லைட் மாற்றவும் போதும். இது தொழிற்சாலை தன் டீலர்களின் மெக்கானிக்குகளுக்காக எழுதியது, முன்னுரையிலேயே அப்படித்தான் சொல்கிறது. அடிப்படை வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டே எழுதப்பட்டது. யமஹாவின் ஒழுங்கு எல்லா மொடலுக்கும் ஏறத்தாழ ஒன்று: பொதுத் தகவல், அளவுகள், காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டியவை, சட்டம், எஞ்சின், குளிரூட்டல், இன்ஜெக்ஷன், மின்சாரம், கடைசியில் பிழை தேடல். ஒவ்வொரு பகுதிக்கும் பிரித்துப் போட்ட படம், எதை முதலில் கழற்றுவது என்று எண். பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள்: எங்கே எஞ்சின் ஒயில் பூசுவது, எங்கே லிதியம் கிறீஸ், எந்தப் புரிக்கு லொக்ரைற் என்கிற பசை, எது கழற்றினால் கட்டாயம் புதிதாகப் போட வேண்டியது. ஆங்கிலம் பயப்படுத்தும் என்று நினைக்க வேண்டாம், ஓஎல் வரை படித்தவனுக்குப் போதும், கழற்று, பூட்டு, தளர்த்து, இறுக்கு, அள, மாற்று என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இரண்டு எண்களின் வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒன்று புதிதில் இருக்கும் அளவு, மற்றது இதற்கு மேல் தேய்ந்தால் எறி என்கிற எல்லை. அண்ணைமாரின் "இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம்" என்ற பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையாகவே இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிடலாம்.

மொடலைச் சரியாகப் பார்த்து எடுங்கள். வி 1இன் மனுவலை வைத்து வி 2ஐச் செய்தால் எஞ்சின் பக்கம் பெரிதாகத் தவறாது, பின்பக்கம் தவறும். வி 1இன் பின் ரயர் 100/80, வி 2க்கு 130/70, வீல்பேஸ் 1290 மில்லிமீற்றரில் இருந்து 1345 ஆனது, ஸ்விங் ஆர்ம் அலுமினியமாக நீண்டது, அப்போது செயினின் நீளமும் அதே கணக்கில் நிற்காது. வி 3 முற்றிலும் வேறு எஞ்சின், 155 சிசி. வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டிலும் இந்தோனேசியாவிலும் நல்ல நல்ல வீடியோ போடுகிறார்கள், கை எங்கே வைப்பது, கிளிப்பை எப்படி உடைக்காமல் எடுப்பது என்பதைப் புத்தகத்தைவிட அவை அழகாகக் காட்டும். ஆனால் எந்த மொடல் என்று சொல்லாமலே ஓர் இறுக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கையசைவை வீடியோவில் பாருங்கள், எண்ணைப் புத்தகத்தில் எடுங்கள்.

எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று என் காசைக் கொட்டித்தான் படித்தேன். மனுவல் வாங்குவதற்கு முன், ஒயில் மாற்றி, கீழே உள்ள போல்ட்டை லான்ட்மாஸ்டர் போல்ட் இறுக்குகிற மாதிரி நீளக் கைபிடியால் இறுக்கினேன். அலுமினியப் பெட்டி, இரும்பு போல்ட். அடுத்த முறை கழற்றும்போது புரி நூல்போலச் சுற்றிக்கொண்டு போல்ட்டோடே வந்துவிட்டது. லேத் கடையில் துளையைப் பெருப்பித்து ஹெலிகொயில் என்கிற கம்பிச்சுருள் புரி போட வேண்டியிருந்தது. மனுவலில் அந்தப் போல்ட்டுக்கு நியூட்டன் மீற்றரில் ஓர் எண் இருக்கிறது, பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு சிறியது. இறுக்கத்தை அளந்து இறுக்குகிற டோர்க் ஸ்பானரில் இரண்டு அளவுக்கோடு இருக்கும், பவுண்ட் அடியில் இருப்பதை நியூட்டன் மீற்றர் என்று நினைத்து இறுக்கினால் இறுக்கம் ஏறத்தாழ 1.36 மடங்காகப் போய்விடும். பழைய புத்தகங்களில் கிலோகிராம் மீற்றர் இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள்.

இப்போது வேலை வேலையாகப் பிரித்து என் தீர்ப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் முழு வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

ஒயிலும் பில்டரும் நீங்களே. போத்தலில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டியின் கிளட்ச் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருக்கிறது, காருக்கு விற்கிற, உராய்வைக் குறைக்கும் ஒயிலை விட்டால் கிளட்ச் வழுக்கும். எயார் பில்டரும் நீங்களே. எண்ணெய் பூசிய பேப்பர் பில்டரைக் காற்றடித்து உதறித் திரும்பப் போடுவது எங்கள் ஊர் வழக்கம், அது பிழை, அப்படி அடித்தால் அந்த எண்ணெய்ப் படையும் பேப்பரும் கெடும், தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். போர் அடிக்க முடியாத சிலிண்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். மனுவலில் தூசி கூடிய இடத்தில் ஓடினால் குறித்த கிலோமீற்றருக்கு முன்பே மாற்று என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு எங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆடி மாதம் ஒட்டுசுட்டான் பக்கக் கிறவல் ஒழுங்கையில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போனவனுக்கு விளக்கத் தேவையில்லை.

செயினும் நீங்களே, மாதத்துக்கு ஒரு முறையாவது. மண்ணெண்ணெயில் கழுவலாம், ஓ ரிங் செயின் என்றால் பெற்றோல் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். தொய்வை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் சில்லைச் சுற்றிச் சுற்றி எங்கே மிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். இறுக்கமான செயின் அழகாகத் தெரியும், கியர்ப் பெட்டியின் பெயாரிங்கைத் தின்னும்.

கூலன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் ஒரு மாதம் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படை றேடியேற்றருக்குள்ளும் படியும். தண்ணீர் குறைந்தால் குழாயைத் திருகி நிரப்புகிற பழக்கம் ட்ரக்டரில் இருந்து வந்தது. இதற்கு அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட், கலக்க வேண்டும் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர், பற்றரிக்கு விடுவது. எஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்க வேண்டாம், கொதிநீர் முகத்துக்கு வரும்.

பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், மாரி நான்கு மாதம் ஊறுகிற எங்கள் மண்ணில் அது இன்னும் உண்மை. இதை நீங்களும் செய்யலாம், ஆனால் முதல் முறை தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காற்று ஒரு குமிழ் உள்ளே நின்றாலும் லீவர் பஞ்சுபோல அமுங்கும், அதோடு ஏ 9 வீதியில் நூறில் போகக் கூடாது. பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் விடுகிற இடம், எங்கள் மெக்கானிக்மார் டப்பெட் என்பது. இதில்தான் மனுவலுக்கும் காதுக்கும் பெரிய சண்டை. சத்தம் கேட்டால் இறுக்கு என்பது காதின் நியாயம். ஆனால் இடைவெளி குறைந்தால் சத்தம் குறையும், எஞ்சின் அமைதியாக இருக்கும், வால்வோ சரியாக மூடாமல் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்து போகும். கொஞ்சம் டிக் டிக் என்பது நல்லது, முழு அமைதிதான் பயம். மனுவல் சொல்வது: எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்ரன் கொம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க வேண்டும், பீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். புகை வால்வுக்குச் சூடு கூட என்பதால் அதற்கு இடைவெளியும் கூட. அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று, இரண்டு என்கிற சங்கதி, காதுக்குப் பிடிபடாது. இந்த வி 2இல் ஸ்குரூ வைத்துச் சரிசெய்யலாம், அதனால் பொறுமை உள்ளவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். ஹோண்டா சிபிஆர் 250 ஆர்ஆர் போன்ற பழைய ஜப்பான் நான்கு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் தொட வேண்டாம். அதில் பதினாறு வால்வு, கியரில் ஓடும் கேம், இடைவெளியை மாற்ற ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும், அதற்குக் கேமையே வெளியே எடுக்க வேண்டும். அந்த வண்டிகளுக்கு மனுவலைத் தேடி எடுத்து, பொறுமையான மெக்கானிக் ஒருவரையும் தேடி, இருவரையும் ஒரு மேசையில் இருத்துங்கள்.

ஹெட், கிளட்ச், கிராங்க், முன் போர்க், சில்லுப் பெயாரிங் எல்லாம் அண்ணையிடம், மனுவல் பக்கத்தோடு. இவற்றுக்கு விசேஷக் கருவி வேண்டும். கிளட்ச் பிடிக்கிற கருவி, மக்னற் இழுக்கிற கருவி என்று மனுவல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கும். வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை, படத்தைக் காட்டினால் எங்கள் லேத் கடைக்காரர்கள் செய்து தருவார்கள். மனுவல் சொல்லாத இடத்திலும் அண்ணை வேண்டும்: துருப்பிடித்து அசையாத போல்ட்டை எப்படி எடுப்பது என்று அதில் இல்லை, அது புது வண்டியை நினைத்தே எழுதியது. சாமான் கிடைக்காதபோது என்ன செய்வது என்றும் இல்லை, "மாற்று" என்ற ஒரே சொல்தான்.

கொம்பனிக்கு இரண்டே காரணத்துக்குப் போங்கள். ஒன்று, கண்சிமிட்டும் எண்ணால் பிடிபடாத இன்ஜெக்ஷன் பிழை. மற்றது, அசல் சாமான். யமஹா சாமான் எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் அந்தச் சாமான் முதலில் எந்த மொடலுக்கு வந்தது என்பதைச் சொல்லும். எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் "இதுவும் அதுவும் ஒண்டுதான்" என்ற பேச்சு அங்கே நடக்காது. சீல், காஸ்கெற், பிரேக் சாமான், செயின் செற், இவற்றில் போலி வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கருவிக்கு எவ்வளவு போகும் என்று தம்பி கேட்டான். எனக்கு மூன்று சேர்விஸுக்குக் கொடுத்த காசுக்குள் அடிப்படைக் கருவிகள் வந்துவிட்டன. சின்ன டோர்க் ஸ்பானர் ஒன்று கட்டாயம், பெரியது ஒன்று சில்லு நட்டுக்கு, அது அண்ணையிடம் இருந்தால் இரவல் போதும். பயன்படுத்திய பிறகு ஸ்பானரைக் கீழ் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், உள்ளே ஸ்பிரிங். நல்ல சொக்கற் செற், அலன் கீ, பீலர் கேஜ், மல்ரிமீற்றர், பின்சில்லைத் தூக்கும் ஸ்ராண்ட். மனுவலைப் போனில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் ஒயில் கையோடு திரையை உருட்டிப் பாருங்கள், அன்றே அளவு அட்டவணையும் டோர்க் அட்டவணையும் உள்ள பக்கங்களைத் தாளில் எடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொட்டிலில் தொங்கவிடுவீர்கள்.

எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை உள்ளவர், நட்டைத் தொடவே விருப்பம் இல்லாதவர், மனுவலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைக் கராச்சில் கொடுங்கள், அதிலேயே பாதிப் பயன் இருக்கிறது. மனுவல் இல்லாமல் கருவி வாங்குவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். கருவி கையில் இருந்து எண் தெரியாதவன் செய்கிற சேதத்தை என் ஒயில் போல்ட்டில் இன்றைக்கும் பார்க்கலாம்.

தம்பியின் வண்டிக்கு அன்றே கொஞ்சம் பார்த்தோம். எயார் பில்டரைத் திறந்தால் செம்மண், முந்தியவர் காற்றடித்துக் காற்றடித்துப் பேப்பர் ஓரிடத்தில் கிழிந்தே இருந்தது. றேடியேற்றரில் நிறமில்லாத தண்ணீர். செயின் ஒரு பக்கம் வீணைக் கம்பிபோல, மறுபக்கம் தொங்கல். வால்வை எஞ்சின் ஆறாமல் பார்க்க முடியாது என்று சொல்லி, வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகச் சொன்னேன். மனமில்லாமல் போனான். அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு வாசலில் நின்றான், கையில் புதுப் பீலர் கேஜ்.

இந்த மாதம் பில்டரும் கூலன்ட்டும், ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு முன் பிரேக் ஒயிலும் செயின் செற்றும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொம்ப்ரஷன் கேஜ் கிளிநொச்சியில் இரவல் எடுக்க வேண்டும். முன் போர்க்கில் ஒயில் கசிவு இருக்கிறது, அதற்கு அண்ணையிடம் நாள் கேட்டிருக்கிறோம், வயல் வேலை முடியட்டும், லான்ட்மாஸ்டர்கள் வரிசையில் நிற்கின்றன என்றார்.